அறை நிறையப் போர்வைகள், கொண்டுபோக வண்டி இல்லை: கிளாரா பார்ட்டன் போர்க்களம் போன கதை

1861 ஏப்ரல் 19. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தலைநகர் வாஷிங்டனைக் காக்க மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து ரயிலில் வந்த 6-வது படைப்பிரிவை, வழியில் பால்டிமோர் நகரத்தில் ஒரு கும்பல் தாக்கியது. 4 வீரர்கள் இறந்தார்கள். மிச்சமுள்ளவர்கள் வாஷிங்டன் வந்து சேர்ந்தபோது, பலரிடம் உடம்பில் இருந்த சீருடையைத் தவிர மாற்றுத்துணி கிடையாது. மூட்டை முடிச்செல்லாம் வழியிலேயே போயிருந்தது. தங்க வேறு இடம் இல்லாமல் செனட் அவையிலேயே படுக்க வைத்தார்கள்.

அவர்களைப் பார்க்க வந்தவர்களில் 39 வயது கிளாரா பார்ட்டனும் ஒருவர். அவரும் மாசசூசெட்ஸ்காரர். வந்திருந்த வீரர்களில் சிலர் அவரிடம் பள்ளியில் படித்தவர்கள்! வீட்டுக்குப் போய், பழைய படுக்கை விரிப்புகளைக் கைக்குட்டையாகவும் துண்டாகவும் கிழித்தார். கையில் கிடைத்த ஊசி நூல், சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

யார் இந்த கிளாரா? 1821 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவர். ஐந்து குழந்தைகளில் கடைசி. நியூ ஜெர்சியில் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கி வளர்த்தெடுத்தார். பள்ளி பெரிதானதும், அதிகச் சம்பளத்தில் ஓர் ஆணைத் தலைமை ஆசிரியராகப் போட்டார்கள். கிளாரா ராஜினாமா செய்துவிட்டார். அடுத்து வாஷிங்டன் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தர் வேலை. முதலில் ஆண்களுக்கு இணையான சம்பளம். பெண்கள் அங்கே இருப்பதே பிடிக்காத மேலதிகாரிகளால் அதுவும் போனது. பிறகு, எழுதிய வார்த்தைகளை எண்ணிக் காசு கொடுத்தார்கள்.

சரி, வீரர்களுக்குத் துணி கொடுப்பது அரசின் வேலை இல்லையா? ஆமாம். ஆனால் போருக்கு முன் அமெரிக்க ராணுவத்தில் இருந்ததே சுமார் 16,000 பேர். அதிபர் லிங்கன் ஒரே அறிவிப்பில் 75,000 தன்னார்வலர்களைக் கேட்டார். இத்தனை பேருக்குத் திடீரென்று சட்டை, போர்வை, காலுறைக்கு எங்கே போவது? ஒப்பந்தக்காரர்களில் சிலர் கந்தல் கம்பளியை அரைத்து மறுபடி நெய்த துணியில் சீருடை தைத்துக் கொடுத்தார்கள். மழையில் நனைந்தால் பிரிந்துபோகும் ரகம் அது.

கிளாரா தன் ஊர்ப்பக்கத்து வூஸ்டர் நகரப் பத்திரிகை மூலம் உதவி கேட்டார். ஊர் ஊராகப் பெண்கள் சேர்ந்து தைத்தார்கள், பின்னினார்கள், பெட்டி கட்டி அனுப்பினார்கள். போர்வை, சட்டை, காயத்துக்குக் கட்டுத் துணி, ஜாம் பாட்டில் என்று வந்துகொண்டே இருந்தது. கிளாராவின் வாடகை அறை நிரம்பியது. கிடங்கு பிடித்தார், அதுவும் நிரம்பியது.

இங்கேதான் சிக்கல். பொருள் இருப்பது வாஷிங்டனில். அது தேவைப்படுவது போர்க்களத்தில். காயம்பட்டவர்கள் கப்பலில் நகரத்துக்கு வந்து சேர்வதற்குள் பலர் இறந்துகொண்டிருந்தார்கள். போர்முனைக்குப் பெண்கள் போவதை ராணுவம் விரும்பவில்லை, சமூகமும் ஒப்புக்கொள்ளவில்லை. ராணுவச் செவிலியர்களுக்குத் தலைமை ஏற்றிருந்த டோரதியா டிக்ஸ் ஓர் அமைப்பு நடத்தினார். நன்கொடைகளைத் திரட்ட சானிட்டரி கமிஷன் என்ற பெரிய அமைப்பும் இருந்தது. கிளாரா இரண்டிலும் சேரவில்லை. தனியாளாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். கடைசியில் கர்னல் டேனியல் ரக்கர் என்ற அதிகாரி வண்டிகளும் அனுமதியும் கிடைக்க வழிசெய்தார். அது நடந்தது 1862 கோடையில். முதல் பெட்டி வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆகஸ்டில் முதல் பயணம், சீடர் மவுன்டன். அவர் போய்ச் சேர்ந்தபோது சண்டை முடிந்து சில நாள் ஆகிவிட்டது. அங்கே கற்ற பாடத்தை அடுத்த மாதமே ஆன்டீட்டமில் பயன்படுத்தினார். ராணுவ வண்டிகள் பல மைல் நீளத்துக்கு வரிசையாகப் போகும். வெடிமருந்து முதலில், உணவு அடுத்து, மருத்துவப் பொருள் கடைசியில். அந்த வரிசையில் தன் முறைக்குக் காத்திருந்தால் காயம்பட்டவன் பிழைக்க மாட்டான். எல்லோரும் தூங்கும் நேரத்தில் எழுந்து, தன் வண்டியை ஓட்டச் சொல்லி வரிசையை முந்தினார். செப்டம்பர் 17 அன்று சண்டைக்கு நடுவிலேயே போய்ச் சேர்ந்தார். அங்கே மருத்துவர்கள் கட்டுத் துணி தீர்ந்து சோளத் தோகையால் காயத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீரருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு குண்டு கிளாராவின் சட்டைக் கையைத் துளைத்து அந்த வீரரைக் கொன்றது.

போர்க்களத்தின் தேவதை என்ற பட்டம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் தேவதை என்பதைவிட, வண்டி கிடைக்காமல் ஒரு வருஷம் அலைந்தவர் என்பதுதான் அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

போர் முடிந்ததும் காணாமல்போன வீரர்களைத் தேடும் அலுவலகம் ஒன்றை நடத்தினார். 63,000-க்கும் மேற்பட்ட கடிதங்களுக்குப் பதில் போனது, சுமார் 22,000 பேரின் கதி தெரியவந்தது. 1881-ல் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கினார். 20 வருஷத்துக்கும் மேல் அதன் தலைவர். யாரையும் கேட்காமல் நேராகக் களத்துக்குப் போகும் குணம்தான் அங்கே அவருக்கு எதிராகத் திரும்பியது. தனி ஆளாகவே நடத்துகிறார், கணக்கு வழக்கு சரியில்லை என்று விமர்சனம் எழுந்தது. நன்கொடைப் பணத்தில் நடக்கும் அமைப்பிடம் கணக்குக் கேட்பது நியாயம்தான். 1904-ல் பதவி விலகினார். 1912 ஏப்ரல் 12 அன்று 90 வயதில் மறைந்தார்.

பெட்டிகள் வந்து குவிந்த அந்த வாஷிங்டன் விடுதியை எல்லோரும் மறந்துபோனார்கள். 1996-ல் அதை இடிக்க ஏற்பாடு நடந்தபோது, சோதனை பார்க்கப் போன அரசு ஊழியர் ஒருவர் பரணில் கிளாராவின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். கூடவே பழைய தாள்களும் துணிகளும் கிடந்தன. கட்டடம் தப்பியது. இப்போது அது அருங்காட்சியகம்.