எக்ஸாம்ல இருந்து தப்பிக்கப் பிறந்த அல்காரிதம்

உங்க 32 ஜிபி லேப்டாப்ல உபுண்டு ஓடுதா? அப்ப வார் ஃபோல்டருக்குள்ள இருக்கிற லாக் ஃபோல்டரைத் திறந்து பாருங்க. சிஸ்லாக் ஃபைல் சாதாரண டெக்ஸ்டா இருக்கும். அதைவிட ரொம்பப் பழசெல்லாம் பேருக்குப் பின்னாடி ஜிஇசட்னு ஒரு வாலோட, பல மடங்கு சின்னதா உட்கார்ந்திருக்கும். ஜிஜிப் சுருக்கி வச்சது. அதுக்குள்ள ஓடுறது ஒரு எம்ஐடி மாணவரோட அசைன்மென்ட். அவர் பேரு டேவிட் ஹஃப்மன். அல்காரிதம் லேப்ல அவர் ட்ரீயை வரைஞ்சு மார்க் வாங்கியிருப்பீங்க, ஆளைப் பத்தி யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

1925 ஆகஸ்ட் 9-ல அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். 18 வயசுலயே எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் டிகிரி முடிச்சிட்டார் (நாம அந்த வயசுல ஃபர்ஸ்ட் இயர் கிராஃபிக்ஸ்ல அழுதுட்டு இருந்தோம்). அடுத்து கடற்படை. கண்ணிவெடி அகற்றும் கப்பலில் ரேடார் பராமரிப்பு அதிகாரி. அப்புறம் திரும்பி வந்து எம்எஸ், அதுக்கப்புறம் எம்ஐடி.

1951-ல இன்ஃபர்மேஷன் தியரி வகுப்பு எடுத்தவர் ராபர்ட் ஃபேனோ. மாணவர்களுக்கு ரெண்டு வழி கொடுத்தார்: ஃபைனல் எக்ஸாம் எழுதலாம், இல்லேன்னா ஒரு டேர்ம் பேப்பர். எழுத்துகளை ரொம்பக் குறைஞ்ச பிட்டுல குறிக்கிற கோடைக் கண்டுபிடிக்கணும், அதுதான் பேப்பர். எக்ஸாமைத் தவிர்க்கலாமேன்னு ஹஃப்மன் ரெண்டாவதை எடுத்தார். ஃபேனோவும் ஷானனும் அதே கணக்கோட ஏற்கெனவே மல்லுக்கட்டி, முழு விடை கிடைக்காம விட்டவங்க. அதை சார் வகுப்புல சொல்லவே இல்லை!

மாசக்கணக்கா முட்டி மோதினார், ஒண்ணும் வரலை. சரி, எக்ஸாமுக்கே படிப்போம்னு நோட்ஸைக் குப்பைத் தொட்டியில போடுற நேரத்துலதான் பளிச்சுனு பட்டது. ஃபேனோ மேலிருந்து கீழே பிரிச்சுக்கிட்டே வந்தார். ஹஃப்மன் கீழிருந்து மேலே கட்டினார். உதாரணமா 100 எழுத்துள்ள ஃபைல்ல அ 50 தடவை, இ 25, உ 15, எ 10 வருதுன்னு வைங்க. ஆளுக்கு ரெண்டு பிட் கொடுத்தா 200 பிட். ஹஃப்மன் முறைல, குறைவா வர்ற ரெண்டை (10, 15) முதல்ல சேருங்க, 25. அதை இ-யோட சேருங்க, 50. கடைசியா அ. இப்ப அ-வுக்கு 1 பிட், இ-க்கு 2, மத்த ரெண்டுக்கும் 3. மொத்தம் 175 பிட். எழுத்துக்கு ஒரு கோடுன்னு கொடுக்கிற எந்த முறையும் இதைவிடக் குறைக்க முடியாதுங்கிறதையும் நிரூபிச்சார்.

அந்த எல்லைதான் உங்க லேப்டாப்புக்கு முக்கியம். லாக் ஃபைல்ல ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வரும், அதனால நல்லா சுருங்கும். ஆனா ஜேபெக் போட்டோ, எம்பி3 பாட்டு ரெண்டுலயும் ஹஃப்மன் கோடு ஏற்கெனவே உள்ளயே இருக்கு. அதை மறுபடி ஜிப் பண்ணி இடம் வரும்னு காத்திருக்காதீங்க. ஆப்ட் கேஷில் கிடக்கிற டெப் ஃபைல்களும் ஏற்கெனவே சுருக்கினவைதான். ஆப்ட் க்ளீன் போட்டு அழிச்சிடுங்க. அதை முதல்லயே செய்யுங்க. ஜிஜிப் புது ஃபைலை முழுசா எழுதின பிறகுதான் பழசை நீக்கும், டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியிருந்தா அதுக்கே இடம் கிடைக்காது.

1952-ல பேப்பர் வெளியாச்சு. ஹஃப்மன் பேட்டன்ட் எடுக்கலை. இதோட அருமை நாப்பது வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. யூனிக்ஸ்ல அப்போ இருந்த கம்ப்ரெஸ் புரோகிராம், பேட்டன்ட் சிக்கல் உள்ள எல்இசட்டபிள்யூ முறையில ஓடினது. அதுக்கு மாத்தா, யாரும் இலவசமா பயன்படுத்துற மாதிரி 1992-ல ஜிஜிப் வந்தது. திரும்ப வர்ற துண்டுகளைப் பிடிக்க எல்இசட்77, மிச்சத்துக்கு ஹஃப்மன்.

அவரோ அதே இடத்துல நிக்கலை. 1953-ல சீக்வென்ஷியல் சர்க்யூட்ல பிஎச்டி. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ்ல நம்மைப் படுத்துற ஃப்ளோ டேபிளுக்கும் அவர்தான் காரணம். 1967-ல கலிஃபோர்னியாவின் சான்டா க்ரூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையைத் தொடங்கி வளர்த்தார். அங்கே காகிதத்தை வளைகோட்டில் மடிக்கிற கணக்குல இறங்கினார். வெட்டாம, ஒட்டாம, ஒரே தாளில் கோபுரமும் கூம்புமா அவர் மடிச்ச உருவங்களோட போட்டோ கிடைச்சா பாருங்க, சிற்பம் மாதிரி இருக்கும்.

1999-ல ஐஇஇஇ-யின் ரிச்சர்ட் ஹாமிங் மெடல் கிடைச்சது. அதே வருஷம் அக்டோபர் 7, கேன்சரோட மாசக்கணக்கா போராடி, 74 வயசுல இறந்துபோனார்.