பில் வில்சன்: ஏழு நாள் சிகிச்சையும் எட்டாம் நாளும்

போருக்குப் பிறகு எங்கள் ஊர்களில் குடி எத்தனை வீடுகளைத் தின்றிருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சிகிச்சை நிலையத்தில் சில நாட்கள் இருந்துவிட்டு வந்து மறுபடி போத்தலைத் தூக்கியவர்களையும் நான் அறிவேன். இனி இவர் திருந்தமாட்டார் என்று வீட்டார் கைவிடும்போதெல்லாம் எனக்கு பில் வில்சனின் நினைவுதான் வரும்.

அவர் 1895இல் அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தில் பிறந்தவர். தாயும் தகப்பனும் பிரிந்ததால் அம்மம்மா, அம்மப்பாவிடம் வளர்ந்தார். முதலாம் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரியானார். முதன்முதலில் குடித்ததும் படையில் இருந்தபோதுதான், 1917இல். கூச்ச சுபாவமுள்ள அந்த இளைஞருக்கு மது துணிவு தந்தது. போர் முடிந்து வந்து நியூயோர்க் பங்குச் சந்தையில் நன்றாக உழைத்தார். 1929 வீழ்ச்சியோடு பணம் போனது, குடி மிஞ்சியது. மனைவி லோயிஸ் கடையில் வேலை செய்து வீட்டைக் கொண்டுநடத்தினார்.

1933, 1934 ஆண்டுகளில் நியூயோர்க்கின் டவுன்ஸ் வைத்தியசாலையில் நான்கு தடவை அனுமதிக்கப்பட்டார். முதல் மூன்று தடவையும் உடம்பு தெளிந்து வீடு வந்தார்; மறுபடி குடித்தார். அங்கிருந்த வைத்தியர் சில்க்வேர்த் குடியை ஒழுக்கக்கேடாக அல்ல, நோயாகப் பார்த்தார். முதல் கிளாஸ் உள்ளே போனால் உடம்பு நிறுத்த விடாது. அந்த முதல் கிளாஸை நோக்கி மனம் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பது அவர் விளக்கம்.

நான்காம் தடவை, 1934 டிசெம்பர் 11இல் போனவர் 18இல் வெளியே வந்தார். குடியை விட்டிருந்த பழைய நண்பர் எபி தாச்சர் அவரைத் தேடிவந்து பேசியிருந்தார். வைத்தியசாலையிலேயே பில்லுக்கு ஆழமான ஆன்மீக அனுபவமும் ஏற்பட்டது. அதன்பின் அவர் குடிக்கவில்லை.

வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. மற்றக் குடிகாரர்களைத் தேடிப் போனார். மாதக்கணக்கில் முயன்றும் ஒருவரும் குடியை விடவில்லை. ஆனால் அவர் குடிக்காமல் இருந்தார்.

1935 மே மாதம் அக்ரன் நகரில் தொழில் முயற்சி தோற்று, ஹோட்டலில் தனித்து நின்றபோது மதுச்சாலை அவரை இழுத்தது. அவர் தொலைபேசியை எடுத்து, தன்னைப் போன்ற ஒரு குடிகாரரைத் தேடினார். கிடைத்தவர் அறுவைச் சிகிச்சை வைத்தியர் பொப் சிமித். பில் புத்திமதி சொல்லவில்லை; தன் கதையைச் சொன்னார். சிமித் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் திகதியே அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் அமைப்பின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது. குடிப்பவர்களின் குடும்பங்களுக்கான அல்-அனோன் அமைப்பை 1951இல் தொடங்கியவர்களில் லோயிசும் ஒருவர். பில் 1971இல் இறந்தார். கடைசி 36 ஆண்டுகள் மதுவைத் தொடவில்லை.

நீண்டநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அதனால் வைத்தியர் கண்காணிப்பில் அந்த ஒரு வாரம் கட்டாயம் வேண்டும். ஆனால் அது உடம்பைத்தான் தெளியவைக்கும். எட்டாம் நாள் பின்னேரம் அவரோடு யார் இருந்து கதைப்பது என்பதை வீட்டுக்கு அழைத்து வரமுன்னரே தீர்மானியுங்கள். குடியை விட்ட ஒருவர் ஊரில் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள். மூன்று தடவை தோற்றவர் நான்காம் தடவையும் தோற்பார் என்று எந்த விதியும் இல்லை.