மீண்டும் சாதகத்துக்குத் திரும்பிய பிரதமர்

பதவியை இழந்தவர் மீண்டும் பதவிக்கு வருவது அரசியலில் புதிதல்ல. ஒரு நாட்டின் பிரதமராக இருந்தவர், அறுபது வயதைக் கடந்தபின் விரல் பயிற்சிக்கு மாணவரைப்போல் அமர்ந்தது அரிது. போலந்தின் பியானோ மேதை இக்னேஸி யான் பதெரெவ்ஸ்கி அப்படி அமர்ந்தவர்.

1860-ஆம் ஆண்டு, அன்றைய ரஷியப் பேரரசுக்கு உள்பட்ட பொடோலியாவில் பிறந்தார். பிறந்த சில மாதங்களிலேயே தாயை இழந்தார். 1863-இல் ரஷிய ஆட்சிக்கு எதிராக மூண்ட எழுச்சியையொட்டித் தந்தை சிறைப்பட்டார். 12 வயதில் வார்சா இசைக் கல்லூரியில் சேர்ந்த அவர், வியன்னாவின் புகழ்பெற்ற ஆசிரியர் லெஷெட்டிட்ஸ்கியிடம் சென்றபோது வயது 24. மேடைக் கலைஞராவதற்குக் காலம் கடந்துவிட்டதாகவே ஆசிரியர் கருதினார். பதெரெவ்ஸ்கியோ அடிப்படைப் பயிற்சிகளிலிருந்து தொடங்கினார். 1888-இல் பாரிஸ், 1890-இல் லண்டன், 1891-இல் நியூயார்க் என அடுத்தடுத்த மேடைகள் அவரை உலகறியச் செய்தன.

முதல் உலகப் போர் அவரது வாழ்வைத் திசைதிருப்பியது. மூன்று பேரரசுகளிடையே துண்டாடப்பட்டு வரைபடத்திலிருந்தே மறைந்திருந்த தாய்நாட்டின் விடுதலைக்காக அமெரிக்காவெங்கும் பேசினார். பேசியபின் சோபானின் இசையை வாசித்தார். நாளடைவில் பேச்சு பெருகியது. வாசிப்பு குறைந்து நின்றேபோனது. 1919 ஜனவரியில் விடுதலை பெற்ற போலந்தின் பிரதமரானார். அதே ஆண்டு ஜூன் 28-இல் வெர்சாய் ஒப்பந்தத்தில் தம் நாட்டின் சார்பில் கையொப்பமிட்டார். டிசம்பரில் பதவி விலகினார்.

அரசியலிலிருந்து ஒதுங்கி, கலிபோர்னியாவின் பாசோ ரோப்லெஸில் இருந்த தமது பண்ணைக்குச் சென்றபோது, செல்வத்தின் பெரும்பகுதியை நாட்டுப்பணி கரைத்திருந்தது. பொருளீட்ட அவருக்குத் தெரிந்த தொழில் பியானோ ஒன்றே. அதுவும் கையைவிட்டு நழுவியிருந்தது. நீண்ட காலம் சாதகம் செய்யாத கலைஞரின் நிலை விந்தையானது. இசை நினைவில் இருக்கும். எந்த இடத்தில் எந்த ஒலி எழவேண்டும் என்பதைச் செவி அறியும். விரல்கள் மட்டும் கீழ்ப்படியாது. வேகம், ஒவ்வொரு விரலும் தனித்தியங்கும் திறன், நெடுநேரம் வாசிக்கும் வலிமை ஆகியவை தினசரி உழைப்பால் மட்டுமே நிலைப்பவை. கடந்தகாலப் புகழ் அவற்றுக்கு ஈடாகாது.

24 வயதில் தொடங்கிய இடத்துக்கே அவர் மீண்டும் வந்து நின்றார். 1922 நவம்பரில், 62 வயதில், நியூயார்க்கின் கார்னகி அரங்கில் மறுபடியும் மேடையேறினார். அவை அவரைப் பெருமகிழ்வுடன் வரவேற்றது. இளமையின் துல்லியம் முழுமையாகத் திரும்பியது என்று சொல்வதற்கில்லை. பிற்கால இசைத்தட்டுகளில் விரல்களின் தடுமாற்றம் கேட்கத்தான் செய்கிறது. விமர்சகர்களும் அதைச் சுட்டிக்காட்டினர். ஆயினும், குறைகளுடனேயே மேலும் பல ஆண்டுகள் வாசித்தார்.

1941 ஜூன் 29-இல் நியூயார்க்கில் காலமானார். அன்று அவரது நாடு நாஜிகளின் பிடியில் இருந்தது. ஆர்லிங்டன் கல்லறையில் வைக்கப்பட்டிருந்த அவரது உடல், 1992-இல்தான் வார்சா திரும்பியது.

உயர்ந்த இடத்தில் இருந்தவருக்கு அடிப்படையிலிருந்து மறுபடி தொடங்குவது கூச்சம் தரும். அந்தக் கூச்சத்தாலேயே தாம் கற்ற கலையைக் கைவிட்டவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். வீட்டு மூலையில் உறையிட்டுக் கிடக்கும் வீணைகளும் வயலின்களும் அதற்குச் சாட்சி. இழந்தது முழுவதும் திரும்பாமல் போகலாம். திரும்பி வருவதே போதும் என்று அமர்பவருக்குத்தான் கலை மீண்டும் கைகூடுகிறது.