ழான் ஜோரெஸ்

பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள காஸ்த்ரு நகரில் 1859-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் ஜோரெஸ் பிறந்தார். தத்துவ ஆசிரியராயிருந்து, 1885-இல் பாராளுமன்ற உறுப்பினரானார். ஆயினும் உழைப்பாளி மக்களாகிய நாம் அவரை நெருங்கி அறிவது கார்மோ சுரங்கத்திலேயாம். அங்கே நகரசபைத் தலைவராகத் தேர்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவரை முதலாளிகள் வேலையினின்று நீக்கினர். 1892-இல் வேலைநிறுத்தம் மூண்டது. ஜோரெஸ் தொழிலாளர் பக்கம் நின்றார். மறு ஆண்டே அத்தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. பொய்க்குற்றம் சுமத்தப்பட்ட யூத இராணுவ அதிகாரி திரைஃபசுக்காக 1898-இல் வாதாடினார். 1904-இல் மனிதகுலம் எனப் பொருள்படும் பெயரில் நாளிதழ் தொடங்கினார்.

1913-இல் கட்டாய இராணுவ சேவையை மூன்றாண்டாக நீட்டும் சட்டத்தை எதிர்த்தார். அன்றுமுதல் பகைவர் பத்திரிகைகள் அவரை ஜெர்மானியரின் ஆள் என்றும் துரோகி என்றும் நாள்தோறும் ஏசின. லெயோன் தோதே என்பார் 1914 ஜூலையில், யாரையும் அரசியல் கொலைக்குத் தூண்ட விரும்பவில்லை என்று ஒரு முகவுரை கூறிவிட்டு, ஜோரெஸ் நடுங்கட்டும் என்று எழுதினார். அம்முகவுரையின் சாமர்த்தியத்தை அன்பர்கள் கவனிக்க வேண்டும். கையில் கறை படாது; கருத்தோ போய்ச் சேரும்! நாம் நூற்பாலையில் இருந்த காலத்தில் சங்கத் தலைவர் ஒருவரைக் கைக்கூலி என்று வாயிற்கூட்டத்தில் சிலர் பேசினர். அன்றிரவே அவர் மண்டை உடைந்தது. பேசியவர் எவரும் தடியைத் தொடவில்லை.

1914 ஜூலை 31-ஆம் நாள் முழுவதும் ஜோரெஸ் போரைத் தடுக்க அலைந்தார். இரவு பாரிஸில் தம் பத்திரிகை அலுவலகத்தருகே ஓர் உணவுவிடுதியில், திறந்த சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்து உண்டார். ரவுல் வில்லேன் என்னும் 28 வயது இளைஞன் வெளியிலிருந்து சுட்டான். எந்தப் பத்திரிகையாளரும் அவனை ஏவியதாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஏவவேண்டிய அவசியந்தான் ஏது? துரோகி என்ற சொல் அவன் நெஞ்சில் முன்னரே குடிபுகுந்திருந்தது. ஆகஸ்ட் 3-இல் ஜெர்மனி பிரான்சின்மீது போர் தொடுத்தது.

போர் முடியும்வரை சிறையிலிருந்த வில்லேனை 1919 மார்ச் 29-இல் நடுவர்குழு விடுதலை செய்தது. வழக்குச் செலவைக் கணவனை இழந்த ஜோரெஸின் மனைவிமேல் சுமத்தினர். எழுதியவர்களுள் ஒருவர்கூட அக்கூண்டில் நிற்கவில்லை.

1924 நவம்பர் 23-இல் அரசாங்கம் ஜோரெஸின் உடலைப் பாரிஸின் பாந்தெயோன் மண்டபத்துக்குக் கொண்டுசென்றது. கார்மோ சுரங்கத் தொழிலாளர் உடன் நடந்தனர்.