யார் இந்த ஜெய்பால் சிங் முண்டா? வத்தல்மலை மக்களின் எஸ்.டி. சான்றிதழுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

தருமபுரி மாவட்டம் வத்தல்மலை. கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு என்று சிறு சிறு ஊர்கள். சாமை, ராகி, காபி, மிளகு என்று விவசாயம்தான் வாழ்க்கை. இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலானோர் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளாக்காரங்கன்னு நினைச்சிடக் கூடாது. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் இது. இவர்கள் பேசுவது தமிழ்தான்.

இந்த மலையில் ஒரு பிள்ளை கல்லூரியில் சேரணும்னாலும், அரசு வேலைக்கு விண்ணப்பிக்கணும்னாலும் முதலில் கேட்கப்படுவது எஸ்.டி. சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்கு அடிப்படை அரசியலமைப்புச் சட்டம். அந்தச் சட்டம் எழுதப்பட்ட அவையில் பழங்குடிகளுக்காக ஓங்கி ஒலித்த குரல்களில் முதன்மையானது ஜெய்பால் சிங் முண்டாவின் குரல்.

மாடு மேய்த்த சிறுவன், ஒலிம்பிக் கேப்டன்

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலம் குந்தி பகுதியில் உள்ள டக்ரா கிராமத்தில், முண்டா பழங்குடிக் குடும்பத்தில் 1903 ஜனவரி 3-ம் தேதி பிறந்தவர் ஜெய்பால் சிங். சிறு வயதில் மாடு மேய்த்தவர். ராஞ்சியில் மிஷன் பள்ளியில் படித்தபோது இவரது திறமையைப் பார்த்த பாதிரியார் ஒருவர் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்தார். படிப்போடு ஹாக்கியிலும் பெயர் வாங்கினார்.

ஐ.சி.எஸ். பணிக்கும் தேர்வானார். பயிற்சியில் இருந்தபோதுதான் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் வந்தது. இந்திய ஹாக்கி அணிக்கு இவர்தான் கேப்டன். ஆனால் விடுப்பு கிடைக்கவில்லை. விடுப்பு இல்லாமலே கிளம்பிவிட்டார். அணி நிர்வாகத்தோடு ஏற்பட்ட பிணக்கால் இறுதிப் போட்டியில் அவர் ஆடவில்லை. என்றாலும் ஹாக்கியில் இந்தியாவின் முதல் தங்கம் அந்த ஆண்டில்தான் வந்தது. திரும்பி வந்தவரை, பயிற்சியை மேலும் ஓராண்டு நீட்டிக்கணும் என்றார்கள். வேண்டாம் என்று ஐ.சி.எஸ்.ஸையே விட்டுவிட்டார்.

அதன்பிறகு எண்ணெய் நிறுவன வேலை, ஆப்பிரிக்காவில் ஆசிரியர் பணி, ராய்ப்பூர் கல்லூரி, பிகானீர் சமஸ்தானம் என்று பல இடங்கள். 1939-ல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானதும் வாழ்க்கையின் திசை மாறியது. மக்கள் அவரை மரங் கோம்கே, அதாவது பெரிய தலைவர் என்று அழைத்தார்கள்.

1946 டிசம்பர் 19: அவையில் என்ன நடந்தது?

அரசியல் நிர்ணய சபைக்கு பீகாரிலிருந்து தேர்வானார் ஜெய்பால் சிங். நாட்டின் குறிக்கோள்களைச் சொல்லும் தீர்மானத்தை நேரு கொண்டுவந்திருந்தார். அதன் மீதான விவாதத்தில் 1946 டிசம்பர் 19-ம் தேதி பேச எழுந்தபோது ஜெய்பாலுக்கு வயது 43.

ஊரார் ஏளனமாகக் காட்டுவாசி என்று சொல்கிறார்களே, அந்தப் பெயரையே பெருமையோடு ஏற்றுக்கொண்டு பேச்சைத் தொடங்கினார். சிந்து சமவெளியிலிருந்து காட்டுக்குத் துரத்தப்பட்டவர்கள் தன் மக்கள் என்றார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவர்களைப் போல அவமதிக்கப்பட்டவர்கள் வேறு யாரும் இல்லை என்றும் சொன்னார். பழங்குடிகளுக்கு யாரும் ஜனநாயகம் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்றுக்கொள்ளணும் என்பது அன்று அவர் வைத்த வாதம். அவையில் ஆண்களே நிறைந்திருக்கிறார்கள், பெண்கள் அதிகம் வேண்டும் என்றும் கேட்டார். இத்தனையும் சொல்லிவிட்டு, நேருவின் வார்த்தையை நம்புவதாகக் கூறித் தீர்மானத்தை ஆதரித்தார்.

வேறு என்னென்ன கேட்டார்?

அடுத்த 3 ஆண்டுகளில் பழங்குடிகளைத் தொடும் விவாதம் எது வந்தாலும் ஜெய்பால் எழுந்து நின்றார்.

பெயர்: தன் மக்களை ஆதிவாசி என்றே அழைக்க வேண்டும் என்றார். இந்தியில் வனவாசிகள் என்ற பொருள்பட மொழிபெயர்த்ததை அவர் ஏற்கவில்லை. காட்டில் இருப்பவன் என்பது வேறு, மண்ணின் முதல் குடி என்பது வேறு. சட்டத்தில் அந்தச் சொல் இடம்பெறவில்லை. அட்டவணைப் பழங்குடிகள் என்ற பெயர்தான் நின்றது.

மதுவிலக்கு: 1948-ல் மதுவிலக்கு பற்றிய விவாதம் வந்தபோது எதிர்த்தார். அரிசியில் வடிக்கும் பானம் தங்கள் வழிபாட்டோடும் சடங்குகளோடும் கலந்தது, அதைத் தடுப்பது மத உரிமையில் கை வைப்பது என்பது அவர் வாதம். அது எடுபடவில்லை.

மொழி: முண்டாரி, கோண்டி, ஓரான் மொழிகளையும் எட்டாவது அட்டவணையில் சேர்க்கக் கோரினார். 1949-ல் அது ஏற்கப்படவில்லை. அட்டவணைக்குள் சந்தாலி மொழி வந்ததே 2003-ல்தான்.

இடஒதுக்கீடு: சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் பழங்குடிகளுக்குத் தனி இடங்கள் வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். அது சட்டமானது. முதலில் 10 ஆண்டுகளுக்கு மட்டும் என்று எழுதப்பட்ட அந்த ஏற்பாடு தொடர்ந்து நீட்டிக்கப்பட்டு, இப்போது 2030 வரை நடைமுறையில் இருக்கு.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன கிடைத்தது?

இங்கேதான் ஐந்தாவது அட்டவணை வருகிறது. பழங்குடிகள் அதிகம் வாழும் பகுதிகளைத் தனியாக அறிவித்து, நிலத்துக்கும் நிர்வாகத்துக்கும் சிறப்புப் பாதுகாப்பு கொடுக்கும் ஏற்பாடு இது. 1949 செப்டம்பரில் இதன் இறுதி வடிவம் அவைக்கு வந்தது. முந்தைய வரைவில் பழங்குடி ஆலோசனைக் குழுவுக்கு இருந்த வலு குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டார் ஜெய்பால்.

தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. அதனால் கிராம சபைகளுக்கு அதிக அதிகாரம் தரும் 1996-ம் ஆண்டின் பெசா சட்டமும் வத்தல்மலைக்குப் பொருந்தாது. ஆனால் அறிவிக்கப்பட்ட பகுதி இல்லாத மாநிலத்திலும் குடியரசுத் தலைவர் உத்தரவிட்டால் ஆலோசனைக் குழு அமைக்கலாம் என்று ஐந்தாவது அட்டவணை சொல்கிறது. தமிழ்நாட்டில் அந்தக் குழு இருக்கு. குழுவின் நான்கில் மூன்று பங்கு இடங்களைப் பழங்குடி எம்.எல்.ஏ.க்களைக் கொண்டு நிரப்பணும். இங்கே பழங்குடியினருக்கான தொகுதிகளே ஏற்காடு, சேந்தமங்கலம் என 2 தான். மீதி இடங்களுக்குப் பழங்குடியினரில் மற்றவர்களை நியமிக்க வேண்டியிருக்கு. நாடு முழுவதும் பழங்குடியினருக்கு 47 மக்களவைத் தொகுதிகள் இருந்தும், தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. காரணம், மாநில மக்கள்தொகையில் பழங்குடியினர் 2011 கணக்குப்படி 1.1 சதவீதம் மட்டுமே.

மலை ஒன்று, சான்றிதழ் வேறு

பட்டியலிலும் ஒரு சிக்கல். மலையாளி சமூகம் தருமபுரி, சேலம், பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் மட்டும்தான் பழங்குடி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் மலையாளி மக்களுக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. அதே பெயர், அதே வாழ்க்கை, மாவட்டம் மட்டும் வேற. அவர்களின் கோரிக்கை பல ஆண்டுகளாக நிலுவையில் இருக்கு. ஜார்க்கண்ட் பகுதியிலிருந்து அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன முண்டா, ஓரான் மக்களும் அங்கே இதே அந்தஸ்துக்காகத்தான் போராடுகிறார்கள். மக்கள் யார் என்பதை எல்லைக்கோடு தீர்மானிக்கும் நிலை இது.

கடைசிக் காலம்

ஜெய்பாலின் அரசியல் பாதை நேர்க்கோடு அல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனை ஆதரித்தது விமர்சனத்துக்கு உள்ளானது. அவர் தலைமையிலான ஜார்க்கண்ட் கட்சி 1952 தேர்தலில் பீகாரில் பெரிய எதிர்க்கட்சியாக எழுந்தது. ஆனால் தனி மாநிலக் கோரிக்கையை மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-ல் நிராகரித்தது. 1963-ல் கட்சியைக் காங்கிரசோடு இணைத்தார். நம்பியிருந்தவர்களில் பலர் அதை மன்னிக்கவே இல்லை.

1952 முதல் தொடர்ந்து மக்களவைக்குத் தேர்வாகி வந்த அவர், எம்.பி.யாக இருந்தபோதே 1970 மார்ச் 20-ம் தேதி டெல்லியில் காலமானார். அவர் கேட்ட ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது 2000 நவம்பர் 15-ம் தேதி. அதற்குள் அவர் இறந்து 30 ஆண்டுகள் ஓடியிருந்தன.

அவர் கேட்டதில் கிடைத்தது பாதி, கிடைக்காதது பாதி. கிடைத்த பாதிதான் வத்தல்மலையில் ஒரு மாணவியின் கையில் சான்றிதழாக இருக்கு. கிடைக்காத மீதிக்காக பர்கூர் மலை இன்னும் காத்திருக்கு.