பனிக்கட்டி இல்லாத நாட்களின் ஆசான்

கல்லூரி மலருக்கு வாழ்க்கை வரலாறு எழுதப் புகுவோர் கவிஞரையோ விஞ்ஞானியையோ விடுதலை வீரரையோ தேடிப் போவது வழக்கம். நான் ஓர் ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளரைத் தேர்ந்துகொண்டேன். சர்பத்தில் மிதக்கும் ஐஸைத் தவிர வேறு ஐஸ் காணாத இராஜபாளையத்துக்காரனுக்கு இது என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் ஹாக்கியில் கோல் காப்பவன். செயற்கைப் புல்தரையில் ஆட வேண்டுமென்றால் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் மண்தரையில்கூடத் தண்ணீர் நின்றுவிடுகிறது. மைதானம் இல்லாத அந்த நாட்களில் ஒரு கோல்கீப்பர் என்னதான் செய்வது? இந்தக் கேள்வியோடு வாழ்ந்தவர் அனதோலி தராசோவ்.

அவர் 1918 டிசம்பர் 10 அன்று மாஸ்கோவில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். இளமையில் அவர் ஆடியது இன்றைய ஐஸ் ஹாக்கி அன்று. பனித்தரையில் பந்தை வைத்து ஆடும் ரஷ்ய ஹாக்கி. கோடையில் கால்பந்து. கனடா நாட்டு முறையிலான ஐஸ் ஹாக்கிக்குச் சோவியத் நாட்டில் முதல் சாம்பியன் போட்டி தொடங்கியதே 1946 டிசம்பரில்தான். அந்த முதற்பருவத்தில் தராசோவ் விமானப்படை அணியின் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். அடுத்த ஆண்டு இராணுவ அணிக்குச் சென்றார். அந்த அணியே பிற்காலத்தில் சி.எஸ்.கே.ஏ. என்று உலகறியப் பெயர் பெற்றது.

அந்நாளில் மாஸ்கோவில் செயற்கைப் பனித்தளம் கிடையாது. ஆறும் குளமும் உறைந்தால் ஆட்டம். வெயில் வந்தால் ஆட்டம் கரைந்துபோகும்! கனடாவிலோ கூரை போட்ட பனித்தளங்கள் பல. சோவியத் வீரர்கள் அவர்களை எட்டிப் பிடிப்பது எப்படி? பனி உறையும்வரை காத்திருக்கத் தராசோவுக்குப் பொறுமை இல்லை. வீரர்களைப் புல்லிலும் மண்ணிலும் இறக்கினார். எடை தூக்கச் செய்தார். தோழனைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடச் செய்தார். குட்டிக்கரணம், பச்சைக்குதிரை, கூடைப்பந்து, கால்பந்து என்று ஒன்றையும் விடவில்லை. 1948-இல் பிராக் நகரத்தின் புகழ்பெற்ற எல்.டி.சி. அணி மாஸ்கோவுக்கு வந்து மூன்று ஆட்டங்கள் ஆடியது. ஆட்டம் பயின்று இரண்டே ஆண்டுகள் ஆன சோவியத் அணி ஒன்றில் வென்று, ஒன்றில் தோற்று, ஒன்றைச் சமன் செய்தது.

1950 ஜனவரியில் விமானப்படை அணியினர் சென்ற விமானம் ஸ்வெர்த்லோவ்ஸ்க் அருகே விழுந்து நொறுங்கியது. மாண்டவர்களுள் அவருடைய தம்பி யூரியும் ஒருவர்.

இங்கே கோல்கீப்பரைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் ஹாக்கியின் கோல் 12 அடி அகலம், 7 அடி உயரம். ஐஸ் ஹாக்கியில் 6 அடி அகலம், 4 அடி உயரம்தான். சிறிய கோல்தானே, காப்பது எளிது என்று எண்ணிவிட வேண்டாம். பந்துக்குப் பதிலாக ஓர் அங்குல தடிமனுள்ள இரப்பர் வட்டு. கல்லைப் போல் கெட்டியானது. மணிக்கு 150 கிலோமீட்டரையும் தாண்டிய வேகத்தில், ஆட்டக்காரர்களின் கால்களுக்கிடையே ஒளிந்து வரும். கோல்கீப்பர் முழங்காலை மடித்துத் தாழ்ந்து நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, விழுந்த மறுகணமே எழ வேண்டும். இடுப்பும் தொடையும் உறுதியாக இருக்க வேண்டும்; கண் கண்டதைக் கை அக்கணமே செய்ய வேண்டும். இவற்றில் எதற்குப் பனிக்கட்டி தேவை? சறுக்கிப் பழகத் தேவை, உண்மைதான். மற்றவற்றை வீட்டு முற்றத்திலேயே வளர்க்கலாம் என்பது தராசோவின் கணக்கு.

அந்தக் கணக்கைச் சரிபார்க்க அவருக்கு ஒரு பையன் கிடைத்தான். 1952-இல் பிறந்த விளாதிஸ்லாவ் ட்ரெட்டியாக், பதினேழு வயதுக்குள் தராசோவின் கைக்கு வந்து சேர்ந்தார். நாளொன்றுக்கு மூன்று முறை பயிற்சி. அதுவும் போதவில்லை என்று ஒரு டென்னிஸ் பந்தைக் கொடுத்து, நடக்கும்போதும் நிற்கும்போதும் அதைத் தட்டிப் பிடித்துக்கொண்டே இருக்கும்படி ஆணையிட்டார். ஒருமுறை ட்ரெட்டியாக் நீந்திக்கொண்டிருந்தபோதும் பந்து எங்கே என்று கேட்டாராம். தண்ணீருக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று பையன் விழிக்க, நீச்சல் உடையில் பை தைத்துக்கொள்ளச் சொன்னாராம்! ட்ரெட்டியாக் தம் நினைவுகளில் இதைச் சொல்லியிருக்கிறார். விளையாட்டாகத் தோன்றுகிறது. திருவில்லிபுத்தூரில் எங்கள் பாட்டி வீட்டுப் பின்சுவரில் ஒரு மாதம் டென்னிஸ் பந்தை எறிந்து பிடித்துப் பார்த்தேன். முதலில் இரு கையால்; பிறகு இடக்கையால் மட்டும்; பிறகு குந்தியிருந்து எழுந்தபடி. பாட்டியின் வசவு தனிக்கதை. ஆனால் பந்து சுவரைவிட்டுக் கிளம்பும்போதே கை அதன் வழியை அறிந்துகொள்ளத் தொடங்கியது.

தராசோவைத் தெய்வமாக்கவும் நான் விரும்பவில்லை. வசதியே இல்லாமல் வென்றவர் என்று சொல்வது பாதி உண்மைதான். அவருடையது இராணுவ அணி; நாட்டின் எந்த மூலையிலும் திறமையுள்ள இளைஞனைப் படைச்சேவை என்ற பெயரில் அழைத்துக்கொள்ள முடிந்தது. முன்கோபியும்கூட. 1969 மே மாதம் ஸ்பார்தக் அணியுடன் ஆடும்போது, ஒரு கோலை நடுவர் ஏற்கவில்லை என்று தம் அணியையே வெளியே அழைத்துக்கொண்டார். பார்வையாளர் பகுதியில் இருந்தவர் பிரெஷ்னேவ்! ‘மதிப்புறு பயிற்சியாளர்’ பட்டம் பறிபோய், சில மாதங்களில் திரும்பி வந்தது.

அர்க்காதி செர்னிஷோவுடன் இணைந்து அவர் நடத்திய தேசிய அணி 1963 முதல் 1971 வரை தொடர்ந்து ஒன்பது முறை உலக சாம்பியன். 1964, 1968, 1972 ஒலிம்பிக் தங்கங்களும் அவர்களுக்கே. கடைசித் தங்கம் சப்போரோவில் கிடைத்தபோது கோலில் நின்ற ட்ரெட்டியாக்குக்கு வயது 19. ஆனால் அந்த வெற்றியோடு இருவரும் தேசிய அணியை விட்டு விலக நேர்ந்தது.

தராசோவின் நெடுநாள் கனவு கனடாவின் தொழில்முறை வீரர்களோடு மோதுவது. 1972 செப்டம்பரில் அது நடந்தது. பயிற்சியாளர் இடத்தில் இருந்தவர் பொப்ரோவ். முன்னதாக ட்ரெட்டியாக்கை வேவு பார்க்கக் கனடாவிலிருந்து வந்தவர்கள், ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவர் கோல்களை வரிசையாக விட்டதைக் கண்டு, தேறாத ஆள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் அவருக்குக் கல்யாணம் என்பது பாவம் அவர்களுக்குத் தெரியாது! செப்டம்பர் 2 அன்று மாண்ட்ரியாலில் நடந்த முதல் ஆட்டத்தில் சோவியத் அணி 7–3 என்று வென்றது. எட்டு ஆட்டங்களின் முடிவில் தொடரைக் கனடாவே, ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில், கைப்பற்றியது. தாம் உருவாக்கிய வீரர்கள் ஆடிய அந்தத் தொடரில் தராசோவுக்கு அணியின் பெஞ்சில் இடமில்லை.

1974-இல் டொராண்டோவின் ஹாக்கிப் புகழ் மண்டபம் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது. 1987-இல் கனடாவின் வான்கூவர் அணிக்குச் சென்று பயிற்சியில் உதவினார். 1995 ஜூன் 23 அன்று மாஸ்கோவில் காலமானார். அப்போது ட்ரெட்டியாக், அமெரிக்காவின் சிகாகோ அணியில் கோல்கீப்பர்களைப் பழக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.