குளத்தை மறவாத திவான்

புதுக்கோட்டைச் சீமைக்கு ஆறு என்று சொல்லிக்கொள்ள வெள்ளாறு உண்டு. சோழ, பாண்டிய நாடுகளின் எல்லை என்று மரபு போற்றும் அந்த ஆற்றில், ஆண்டின் பெரும்பகுதி மணலே கிடக்கும். காவிரியை நம்பி உழுவதுபோல் இதை நம்பி உழ முடியாது. ஓடம் விட்டுப் பயணம் போகவும் முடியாது. ஆகவே, முத்தரையரும் கொடும்பாளூர் இருக்குவேளிரும் ஆண்ட காலந்தொட்டே இங்கே ஊர் என்றால் முதலில் ஏரி. பிறகுதான் கோயிலும் குடியிருப்பும். மடைகளிலும் குமிழித்தூம்புகளிலும் அக்காலத்தார் பொறித்த எழுத்துகள் அதற்கு இன்றும் சான்று.

இத்தகைய நாட்டை நிர்வகிக்க 1878இல் திவானாக வந்தவர், காவிரி பாயும் தஞ்சைச் சீமையைச் சேர்ந்த சேஷய்ய சாஸ்திரி. 1828இல் அமராவதி என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். உறவினர் ஆதரவில் சென்னையில் கல்வி கற்று, அரசு வருவாய்த் துறையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தார். 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்தார். 1875இல் அங்கு நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர் காலத்ததே.

அவர் புதுக்கோட்டைக்கு வந்த வேளை கொடியது. சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தின் வடு ஆறவில்லை. நிலவரியோ அமானி முறையில் இருந்தது. விளைச்சலை அரசும் குடியானவரும் பங்கிட்டுக்கொள்ளும் அந்த ஏற்பாடு கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். நடைமுறையில், அரசு ஆட்கள் வந்து அளக்கும்வரை அறுவடை காத்துக்கிடந்தது. காவலுக்கு வந்தவரும் அளக்க வந்தவரும் தத்தம் பங்கைக் கவர்ந்துகொண்டனர். சாஸ்திரி அமானியை ஒழித்துப் பணவரியைக் கொண்டுவந்தார். குடியானவர் தம் கதிரைத் தம் விருப்பப்படி அறுக்க வழி பிறந்தது.

தலைநகரையும் அவர் திருத்தி அமைத்தார். சாலைகளும் அரசு அலுவலகங்களும் எழுந்தன. அவற்றோடு, தூர்ந்து கிடந்த நகரக் குளங்களும் சீர்பெற்றன. புதுக்குளமும் பல்லவன் குளமும் அவர் காலத்தில் புத்துயிர் பெற்றவை. குழாய்நீர் இல்லாத அந்நாளில் குளத்தைத் தூர்வாருவது அழகு வேலையன்று. வாந்திபேதிக்கும் வறட்சிக்கும் எதிரான காப்பு. கட்டடங்களுக்காக அவரைப் புகழ்வோர் இதை இரண்டாவதாகச் சொல்வதுண்டு. முதலாவதாகச் சொல்ல வேண்டியது இதுவே என்பேன்.

1886இல் மன்னர் இராமச்சந்திர தொண்டைமான் மறைந்தார். பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சிறுவர். ஆகவே சாஸ்திரியே ஆட்சிப் பொறுப்பாளரானார். எட்டு ஆண்டுகள் அரசு அவர் கையில் இருந்தது. 1894இல் விலகிய அவர், 1903இல் காலமானார்.

அவரைக் குறையற்றவராகக் காட்ட வேண்டியதில்லை. அமானியில் விளைச்சல் பொய்த்தால் அரசின் பங்கும் பொய்க்கும். பணவரியிலோ மழை பெய்யாத ஆண்டின் சுமை குடியானவர் தோளில்தான் கூடுதலாக இறங்கும். அவர் செய்த நன்மைகளும் மேலிருந்து வந்த ஆணைகளே. குடிமக்கள் கருத்துச் சொல்வதற்கென ஒரு பிரதிநிதித்துவ சபை 1902இல்தான், அவர் விலகிய பிறகு, அங்கே தோன்றியது. ஆணையால் வெட்டிய குளத்தை ஆணை உள்ளவரைதான் காக்க முடியும். குளத்தை ஊர் தன்னுடையது என்று கருதும் இடத்தில்தான் அது தலைமுறை கடந்து நிற்கும். குடிமராமத்து என்று நம் முன்னோர் பெயரிட்டது அந்த உணர்வைத்தான்.

இன்று நம்மிடம் இயந்திரங்கள் உள்ளன. தூர்வார நிதி ஒதுக்கீடும் அவ்வப்போது வருகிறது. ஆனால், குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால் வீட்டுமனையாகிவிட்டால், தூர்வாரிய குளம் வெறும் பள்ளமே. கரையைக் கல்லால் கட்டி, நடைபாதை அமைத்து, விளக்கேற்றினாலும் வாய்க்கால் இல்லாத குளம் நிரம்பாது. கவிநாட்டுக் கண்மாய் போன்ற பெரிய நீர்நிலைகளுக்கும் இதே விதிதான்.

ஆறு கைகொடுக்காத நாட்டில் குளமே ஊரின் உயிர் என்பதை, ஆற்றங்கரையில் பிறந்த ஒருவர் வந்த இடத்தில் அறிந்துகொண்டார். குளத்தங்கரையிலேயே பிறந்த நாம் அதை மறப்பது தகுமா?